தொலை என்னும் திறவுகோல்

புனே நகரில் வாழும் தமிழ்க் குழந்தையின் கண்ணில் ஒரே நாளில் மூன்று சொற்கள் படுகின்றன. வீட்டிலுள்ள பழைய முகவரிக் குறிப்பேட்டில் 'தொலைபேசி எண்' என்று எழுதப்பட்டிருக்கிறது. தெருமுனைக் கடையின் பெயர்ப்பலகையில் மராத்தியில் 'தூரத்வனி' என்று காணப்படுகிறது. பள்ளியில் நிரப்பும் படிவத்தில் ஆங்கிலத்தில் 'டெலிபோன்' என்று அச்சிடப்பட்டிருக்கிறது. மூன்றும் ஒரே கருவியின் பெயர்கள் என்பதை அக்குழந்தை அறியும். ஆயினும், மூன்றும் ஒரே முறையில் கட்டப்பட்ட சொற்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

'தொலை', 'தூர', 'டெலி' ஆகிய மூன்றும் ஒரே பொருளைத் தருகின்றன. அப்பொருள் 'நெடுந்தூரம்' என்பதாகும். இதனை அறிந்தவருக்கு ஒரு சொல்லன்று, ஒரு சொற்குடும்பமே விளங்கிவிடும். ஒரு திறவுகோல் பல கதவுகளைத் திறப்பது போன்றது இது.

முன்னொட்டு என்பது யாது?

ஒரு சொல்லின் முன்னே ஒட்டி, அதன் பொருளை மாற்றும் உறுப்பு முன்னொட்டு எனப்படும். கைப்பேசிக்கு 'ரீசார்ஜ்' செய்வதை மாணவர் அறிவர். அதில் 'ரீ' என்பது முன்னொட்டு. அதற்கு 'மீண்டும்' என்பது பொருள். ஆங்கிலத்தில் இத்தகைய முன்னொட்டுகள் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை கிரேக்கம், இலத்தீன் ஆகிய பழைய மொழிகளிலிருந்து வந்தவை.

தமிழின் இயல்பு வேறு. பகுபத உறுப்புகள் ஆறு என்று நன்னூல் கூறுகிறது. அவை பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்பன. பகுதிக்கு முன்னே ஒட்டும் உறுப்பு எதுவும் அவற்றுள் இல்லை. 'படித்தான்', 'படித்தாள்', 'படிக்கின்றனர்' என்னும் சொற்களில் 'படி' என்னும் பகுதி முதலில் நிற்கிறது. மாற்றம் எல்லாம் பின்னேதான் நிகழ்கிறது. 'அம்மரம்', 'இவ்வீடு' எனச் சுட்டெழுத்துகள் முன்னே வந்து சேர்வதுண்டு. 'நீதி – அநீதி' போல வடமொழி வழியாக வந்த முன்னொட்டுகளும் சில உண்டு. எனினும், புதிய சொல்லை ஆக்குவதற்குத் தமிழ் பெரிதும் கையாளும் வழி, இரு சொற்களை இணைத்துக் கூட்டுச்சொல் ஆக்குவதே ஆகும்.

ஆகவே, ஆங்கிலத்தில் முன்னொட்டு செய்யும் வேலையைத் தமிழில் ஒரு முழுச்சொல்லே செய்கிறது. 'தொலை' அத்தகைய சொல்.

'டெலி' பெற்ற நான்கு பெயர்கள்

'டெலி' என்பது கிரேக்க மொழியில் 'தொலைவில்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. அதனோடு வேறு சொற்களைச் சேர்த்து அறிஞர்கள் புதிய கருவிகளுக்குப் பெயரிட்டனர்.

முதலாவது டெலஸ்கோப். 1608இல் நெதர்லாந்தில் மூக்குக்கண்ணாடி செய்யும் தொழிலைச் செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர், தொலைவிலுள்ள பொருளை அருகில் காட்டும் குழாய்க்கு உரிமம் கேட்டார். மறு ஆண்டில் கலிலியோ தாமே அத்தகைய கருவியைச் செய்து வானை நோக்கினார். அப்போது அதற்கு நிலையான பெயர் இல்லை. 1611இல் உரோம் நகரில் கலிலியோவைப் பாராட்டி நடந்த விருந்தொன்றில், கிரேக்க அறிஞர் ஜியோவான்னி தெமிசியானி அதற்கு 'டெலஸ்கோப்' என்னும் பெயரை வழங்கினார். 'ஸ்கோப்' என்பது 'நோக்குதல்' என்னும் பொருளுடையது.

இரண்டாவது டெலிகிராப். 'கிராப்' என்றால் 'எழுதுதல்'. 1790களில் பிரான்சு நாட்டில் கிளோட் ஷாப் என்பவர் உயரமான கோபுரங்களின் மேல் அசையும் மரக்கைகளைப் பொருத்தினார். ஒரு கோபுரத்தில் காட்டும் குறியை அடுத்த கோபுரத்தில் இருப்பவர் பார்த்து, அதே குறியைத் தாமும் காட்டுவார். இவ்வாறு செய்தி கோபுரம் விட்டுக் கோபுரம் சென்றது. மின்சாரமும் கம்பியும் இல்லாத அந்த அமைப்புக்கே முதலில் அப்பெயர் வழங்கியது. பின்னர் மின்கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் முறைக்கும் அப்பெயரே நிலைத்தது.

மூன்றாவது டெலிபோன். 'போன்' என்பது 'குரல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதற்கு உரிமம் பெற்றார். ஆறே ஆண்டுகளில், 1882இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன.

நான்காவது டெலிவிஷன். இச்சொல்லைக் கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி என்னும் உருசிய அறிஞர் 1900இல் பாரிசு நகரில் படித்த கட்டுரையில் கையாண்டார். 'டெலி' கிரேக்கம், 'காட்சி' என்று பொருள்படும் 'விஷன்' இலத்தீன் வழி வந்தது. இரு மொழிகள் கலந்த சொல் இது. இந்தியாவில் தொலைக்காட்சி 1959இல் தில்லியில் தொடங்கியது. மும்பையில் 1972இலும் சென்னையில் 1975இலும் நிலையங்கள் தொடங்கப்பட்டன.

மூன்று மொழிகள், ஒரே வழி

இக்கருவிகள் நம் நாட்டுக்கு வந்தபோது, ஆங்கில ஒலியை அப்படியே எழுதுவதோடு நம் மொழிகள் நின்றுவிடவில்லை. சொல்லைப் பிரித்து, பொருளை எடுத்துக்கொண்டு, தம் சொற்களால் மீண்டும் கட்டின.

டெலிபோன் தமிழில் 'தொலைபேசி' ஆயிற்று. 'பேசு' என்னும் பகுதியோடு 'இ' என்னும் விகுதி சேர்ந்து 'பேசி' ஆனது. மராத்தியில் அது 'தூரத்வனி' ஆயிற்று; 'த்வனி' என்றால் ஒலி. தமிழர் பேசும் செயலை எடுத்துக்கொண்டனர். மராத்தியர் கேட்கும் ஒலியை எடுத்துக்கொண்டனர்.

டெலிவிஷன் தமிழில் 'தொலைக்காட்சி'. மராத்தியில் 'தூரதர்ஷன்', 'தூரசித்ரவாணி' என இரு பெயர்கள் உண்டு. இரண்டாவது பெயரில் 'சித்திரம்', 'வாணி' என்னும் இரு சொற்கள் உள்ளன. தொலைவிலிருந்து படமும் பேச்சும் சேர்ந்து வருவதை அப்பெயர் சொல்லிவிடுகிறது.

டெலஸ்கோப் தமிழில் 'தொலைநோக்கி'. மராத்தியில் அதனைத் 'துர்பீண்' என்பர். இது பாரசீக மொழியிலிருந்து வந்தது. பாரசீகத்தில் 'தூர்' என்றால் தொலைவு. 'பீன்' என்றால் காண்பது. இதுவும் கிரேக்கப் பெயரைப் போன்றே கட்டப்பட்டிருக்கிறது. பாரசீகத் 'தூர்', வடமொழித் 'தூர' ஆகிய இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்த உறவுச் சொற்கள்.

முன்பகுதியை மாற்றினால் கருவியும் மாறும். 'டெலி' நின்ற இடத்தில் 'மைக்ரோ' வந்தால் மைக்ரோஸ்கோப். 'மைக்ரோ' என்பதற்கு 'மிகச் சிறிய' என்பது பொருள். தமிழிலும் 'தொலை' நின்ற இடத்தில் 'நுண்' வந்து 'நுண்ணோக்கி' ஆகிறது. ஒன்று தொலைவில் உள்ளதைக் காட்டும். மற்றொன்று நுண்ணியதைக் காட்டும்.

தமிழ்த் திறவுகோல் ஆங்கிலத் திறவுகோலின் நகல் அன்று. 'ரிமோட் சென்சிங்' என்பதில் 'டெலி' இல்லை; தமிழில் அது 'தொலையுணர்வு'. 'டிஸ்டன்ஸ் எஜுகேஷன்' என்பதிலும் 'டெலி' இல்லை. தமிழில் அது 'தொலைநிலைக் கல்வி'. வருங்காலத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதற்கும் தமிழர் 'தொலைநோக்கு' என்கின்றனர். இடத்தின் தூரத்தை மட்டுமின்றிக் காலத்தின் தூரத்தையும் அச்சொல் அளக்கிறது.

தந்தி: வேறு வழியில் பிறந்த பெயர்

டெலிகிராப் மட்டும் இவ்வழியில் வரவில்லை. அதற்கு மக்கள் வைத்த பெயர் 'தந்தி'. வீணையின் கம்பிக்கும் தந்தி என்றே பெயர். கம்பி வழியாக வந்த செய்தி ஆதலால் செய்தியும் தந்தி ஆயிற்று. மராத்தியிலும் அவ்வாறே அதனைத் 'தார்' என்றனர். 'தார்' என்றாலும் கம்பிதான். கிரேக்கப் பெயர் தொலைவிலிருந்து எழுதும் செயலைச் சொல்ல, நம் மக்கள் சாலையோரம் கண்ட கம்பியைக் கொண்டே பெயரிட்டனர்.

இந்தியாவில் முதல் தந்திக் கம்பி 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே போடப்பட்டது. பின்னர் அது நாடெங்கும் பரவியது. 1942இல் மதுரையில் தொடங்கப்பட்ட நாளிதழ் ஒன்று, செய்தியின் விரைவைக் காட்டும் வகையில் 'தந்தி' என்னும் பெயரைத் தாங்கியது. அதுவே இன்றைய 'தினத்தந்தி'.

கட்கி, தேகு ரோடு, பிம்பிரி முதலிய புனேப் பகுதிகளில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குத் தந்தி அச்சம் தரும் சொல்லாகவும் இருந்தது. ஊரிலிருந்து கடிதம் வந்து சேரப் பல நாள் ஆகும். ஆகவே, பொறுக்க இயலாத செய்தியை மட்டுமே தந்தியில் அனுப்பினர். ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் உண்டு. அதனால் 'உடனே வரவும்' என்பது போன்ற இரண்டு சொற்களில் செய்தி முடிந்துவிடும். சென்னைக்கும் புனேக்கும் இடையே இரயில் வழி ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அவ்விரண்டு சொற்களைப் படித்தவர் காரணம் அறியாமலே அத்தனை தூரமும் பயணம் செய்ய நேர்ந்தது.

பிறகு தொலைபேசி பரவியது. தொடக்கத்தில் வெளியூருக்குப் பேச நிலையத்தில் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். அதனை 'டிரங்க் கால்' என்றனர். 1960இல் கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே, வெளியூர் எண்ணை நேரடியாகச் சுழற்றிப் பேசும் 'எஸ்.டி.டி.' வசதி முதன்முதலில் வந்தது. அது நாடெங்கும் பரவிய பின், இரவில் கட்டணம் குறைவு என்பதால் கடைத்தெருவிலிருந்த எஸ்.டி.டி. கூண்டுகளின் முன் இரவு நேரத்தில் மக்கள் வரிசையில் நின்றனர். இன்றைய மாணவர்களின் பெற்றோர் பலர் அவ்வரிசையில் நின்றவர்களே.

2013 சூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. கம்பி போயிற்று, சொல் போகவில்லை. நாளிதழின் பெயரிலும் பெரியோர் பேச்சிலும் தந்தி இன்னும் வாழ்கிறது. தொலைபேசியும் மாறியது. கையில் ஏந்திச் செல்லும் கருவி வந்தபோது தமிழர் 'தொலை' என்பதை எடுத்துவிட்டுக் 'கைப்பேசி' என்றும் 'அலைபேசி' என்றும் வழங்கினர். மராத்தியர் 'தூர' என்பதை எடுத்துவிட்டு, 'அலைந்து திரிதல்' என்று பொருள்படும் 'பிரமண' என்பதைச் சேர்த்துப் 'பிரமணத்வனி' என்றனர். இரு மொழிகளிலும் பின்பகுதி நின்றது, முன்பகுதி மாறியது.

கோடத்தும் உதகையும்

'தொலைநோக்கி' என்னும் சொல்லின் முழுப்பொருளையும் காணப் புனே மாணவர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே, கோடத் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே வானை நோக்கிய மாபெரும் கிண்ணங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம் உடையது. மொத்தம் 30 கிண்ணங்கள். அவற்றுள் 14 நடுப்பகுதியில் நெருங்கி நிற்கின்றன. மற்ற 16 மூன்று திசைகளில் நீண்டு பரவியுள்ளன. அனைத்தும் சேர்ந்து ஒரே தொலைநோக்கியாக இயங்குகின்றன. விண்மீன்களும் விண்மீன் திரள்களும் வெளியிடும் வானொலி அலைகளை இவை வாங்குகின்றன. ஒளியை நம்பி இயங்காததால் இவை பகலிலும் வேலை செய்யும்.

இத்தொலைநோக்கியை உருவாக்கிய குழுவின் தலைவர் அறிவியலறிஞர் கோவிந்த் சுவரூப். அவர் அதற்கு முன்பே, தமிழ்நாட்டில் உதகமண்டலத்துக்கு அருகிலுள்ள முத்தோரையில், 1970இல் ஒரு வானொலித் தொலைநோக்கியை அமைத்திருந்தார். அது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதனை நீலகிரியில் அமைத்ததற்குக் காரணம் உண்டு. முத்தோரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே உள்ளது. அங்கே தெற்கு வடக்காக அதே 11 பாகைச் சரிவுடைய மலைச்சரிவு இருந்தது. அச்சரிவில் கிடத்தியதால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஆகவே, ஒரே அச்சில் மெல்லத் திருப்பினாலே வானில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நோக்க இயலும்.

உதகைத் தொலைநோக்கியும் கோடத் தொலைநோக்கியும் இன்று புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய வானொலி வானியற்பியல் மையத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டு மலைச்சரிவில் பெற்ற பட்டறிவு மராட்டிய மண்ணில் பெரிதாக வளர்ந்தது. கைப்பேசி வெளியிடும் அலைகள் விண்ணிலிருந்து வரும் மெல்லிய அலைகளை மறைத்துவிடும். அதனால் வானொலித் தொலைநோக்கியின் அருகே கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். தொலைவை நோக்கும் கருவிக்காகத் தொலைவில் பேசும் கருவி வாய்மூடி இருக்கிறது.

பொருந்தாத பூட்டு

திறவுகோல் கிடைத்தவுடன் எல்லாப் பூட்டிலும் அதனை நுழைத்துப் பார்க்கும் ஆர்வம் எழும். அங்கே கவனம் வேண்டும். வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்து தருவதை 'டெலிவரி' என்கிறோம். தமிழில் எழுதும்போது அதுவும் 'டெலி' என்றே தொடங்குகிறது. பொருள் தொலைவிலிருந்து வருவதும் உண்மையே. ஆனால், அது இக்குடும்பத்தைச் சேர்ந்த சொல் அன்று. தமிழில் 'ட' என்னும் ஓரெழுத்தே இரண்டு ஒலிகளைக் குறிப்பதால் இம்மயக்கம் நேர்கிறது. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. 'டெலிவரி' என்பது 'விடுவித்தல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது.

எனவே, ஒரு சொல்லைப் பிரிக்கும்போது இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். முன்பகுதியை நீக்கினால் எஞ்சும் பகுதிக்குப் பொருள் உண்டா? 'தொலைவு' என்னும் பொருளைச் சேர்த்தால் அச்சொல்லின் பொருள் கிடைக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்பது விடையானால் மட்டுமே திறவுகோல் பொருந்தும்.

தொலைவும் தொலைதலும்

'தொலை' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் தமிழில் உண்டு. 'பேனா தொலைந்துவிட்டது' என்று வீட்டில் சொல்வதை மாணவர் கேட்டிருப்பர். அங்கே 'தொலைதல்' என்பது காணாமற்போதலைக் குறிக்கிறது. தூரத்தில் இருப்பதற்கும் இல்லாமற்போவதற்கும் தமிழில் ஒரே வடிவம் அமைந்திருக்கிறது.

ஆனால், தொலைவில் இருப்பதெல்லாம் தொலைந்தவை அல்ல. பல ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள விண்மீனின் அலையைக் கோடத்தின் கிண்ணங்கள் இன்றும் வாங்குகின்றன. நோக்குவோர் இருப்பதால் அது தொலையவில்லை. 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தாத்தா பாட்டியின் ஊரும் அத்தகையதே. அவர்கள் பேசும்போது அக்குரலைக் கருவி கொண்டுவந்து சேர்க்கும். அதன் பொருளைக் கருவி சேர்க்காது. அதற்கு மொழி வேண்டும். பாட்டி சொல்லும் சொல்லைப் பிரித்துப் பொருள் அறியக் கற்ற குழந்தைக்கு அவ்வூர் தொலைவில் இருக்கலாம், தொலைந்துபோகாது.

அருஞ்சொற்பொருள்

திறவுகோல் – சாவி
பகுபதம் – பிரித்துப் பொருள் காணத்தக்க சொல்
உரிமம் – ஒரு கண்டுபிடிப்பின் மீது அரசு வழங்கும் உரிமை
பட்டறிவு – அனுபவம்
பாகை – கோணத்தை அளக்கும் அலகு
மயக்கம் – (இங்கு) குழப்பம்

பயிற்சி

அ. பிரித்து எழுதி, ஒவ்வொரு பகுதியின் பொருளையும் எழுதுக.
1. தொலைநோக்கி 2. தொலைக்காட்சி 3. நுண்ணோக்கி 4. தொலைத்தொடர்பு

ஆ. ஒருசொல் விடை தருக.
1. 'துர்பீண்' என்னும் சொல் எம்மொழியிலிருந்து மராத்திக்கு வந்தது?
2. 'தார்' என்னும் சொல்லின் பொருள் யாது?
3. முத்தோரைத் தொலைநோக்கி எவ்வாண்டில் அமைக்கப்பட்டது?

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. 'டெலிவரி' என்னும் சொல் 'டெலி' குடும்பத்தைச் சேராதது ஏன்?
2. 'தொலைபேசி' என்பதற்கும் 'தூரத்வனி' என்பதற்கும் உள்ள ஒற்றுமையும் வேற்றுமையும் யாவை?
3. தொலைநோக்கியை அமைப்பதற்கு நீலகிரியின் மலைச்சரிவு ஏற்றதாக இருந்தது எவ்வாறு?

ஈ. ஒற்று மிகும் இடத்தைக் கவனித்துப் பார்த்து எழுதுக.
தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு, கைப்பேசி (ஒற்று மிக்கு வந்தவை)
தொலைபேசி, அலைபேசி (ஒற்று மிகாமல் வழங்குபவை)

உ. செயல்பாடு
வீட்டிலுள்ள பெரியோரிடமோ, கைப்பேசி வழியாக ஊரிலுள்ள உறவினரிடமோ, அவர்கள் வீட்டுக்கு வந்த ஒரு தந்தியைப் பற்றியோ, எஸ்.டி.டி. கூண்டில் பேசிய ஒரு நாளைப் பற்றியோ கேட்டறிக. அவர்கள் சொன்னதைப் பத்துத் தொடர்களில் எழுதுக. அவர்கள் பேச்சில் வந்த, இதுவரை அறிந்திராத தமிழ்ச் சொற்கள் மூன்றைத் தனியே குறித்து, அவற்றின் பொருளை எழுதுக.